புதிய கைப்பேசியின் வேரைத் தொடலாமா?

உங்கள் வீட்டிற்குப் புதிய ஆண்ட்ராய்டு கைப்பேசி ஒன்று வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். போடிநாயக்கனூரில் ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலைக்குச் செல்லும் அம்மா, பல மாதங்கள் பணம் சேர்த்து வாங்கியது அது. காலையில் ஜீப் ஏறிப் போடிமெட்டுக்கு மேலே தோட்ட வேலைக்குப் போகும் அப்பா, மாலையில் வீட்டுக்குப் பேசுவது அந்தக் கைப்பேசிக்குத்தான். கூலி வங்கியில் ஏறியதா என்று பார்ப்பதும், மளிகைக் கடைக்குப் பணம் அனுப்புவதும், உங்கள் பள்ளியிலிருந்து வரும் செய்திகளைப் படிப்பதும் அதில்தான்.

பெட்டியைப் பிரித்த அன்றே நீங்கள் ஒன்றைக் கவனிக்கிறீர்கள். நீங்கள் கேட்காத செயலிகள் பத்துப் பதினைந்து ஏற்கெனவே உள்ளே குடியிருக்கின்றன. அவற்றில் சிலவற்றை நீக்க வழியே இல்லை. "காசு கொடுத்து வாங்கியது நாம், இதை எடுக்கக் கூடாது என்று சொல்ல இவர்கள் யார்?" என்று உங்களுக்குக் கோபம் வருகிறது. அந்த நேரம் பார்த்து வகுப்புத் தோழன் ஒருவன், "ரூட் பண்ணிட்டா எல்லாம் நம்ம கைக்கு வந்துரும்டா" என்கிறான்.

உங்கள் கோபம் நியாயமானதே. தோழன் சொன்னதிலும் பொய் இல்லை. ஆனால் கைக்கு வருவது எது, கையை விட்டுப் போவது எது என்ற கணக்கைப் போட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும். அந்தக் கணக்கைத்தான் இங்கே படிப்படியாகப் போட்டுப் பார்க்கப் போகிறோம்.

வேர் என்பது யார்?

ரூட் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வேர் என்பது பொருள். கணிப்பொறி உலகில் அது ஒரு பயனாளரின் பெயர். 1969-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் யூனிக்ஸ் என்ற இயக்க முறைமையை உருவாக்கத் தொடங்கினர். ஒரே கணிப்பொறியைப் பலர் பகிர்ந்துகொண்ட காலம் அது. ஒருவருடைய கோப்பை மற்றவர் அழித்துவிடக் கூடாது. எனவே ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, அவரவர் எல்லையை வகுத்தனர். எல்லாவற்றையும் பராமரிக்க ஒருவர் வேண்டுமல்லவா? அவருக்கு 0 என்ற எண்ணையும் ரூட் என்ற பெயரையும் கொடுத்தனர். எந்தக் கோப்பையும் அவர் திறக்கலாம், மாற்றலாம், அழிக்கலாம். ஏன் என்று கணிப்பொறி கேட்காது.

1991-இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், யூனிக்ஸின் வழியில் லினக்ஸ் என்ற கருநிரலை எழுதினார். ஆண்ட்ராய்டு இந்த லினக்ஸின் மேல் கட்டப்பட்டது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. கைப்பேசியைப் பெரும்பாலும் ஒருவரே பயன்படுத்துகிறார். ஆகவே ஆண்ட்ராய்டை வடிவமைத்தவர்கள், மனிதர்களுக்குக் கொடுத்த எண்ணைச் செயலிகளுக்குக் கொடுத்தனர். நீங்கள் நிறுவும் ஒவ்வொரு செயலிக்கும் 10,000 முதல் தொடங்கும் தனி எண் ஒன்று கிடைக்கிறது.

ஏலமலைத் தோட்டங்களில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரே கூரை, ஒரே வரிசை. ஆனால் வீட்டுக்கு வீடு தனிக்கதவு, தனிப்பூட்டு. ஆண்ட்ராய்டில் செயலிகள் இப்படித்தான் குடியிருக்கின்றன. விளையாட்டுச் செயலியால் வங்கிச் செயலியின் வீட்டுக்குள் எட்டிப் பார்க்க முடியாது. ரூட் என்பது எல்லாக் கதவுகளையும் திறக்கும் ஒரே சாவி. புதிய கைப்பேசியில் அந்தச் சாவி உங்களிடமும் இல்லை, எந்தச் செயலியிடமும் இல்லை. அதை வரவழைத்துக் கொள்வதே ரூட் செய்தல் எனப்படுகிறது.

தட்டியதெல்லாம் கட்டளையான கதை

முதல் ஆண்ட்ராய்டு கைப்பேசி 2008 அக்டோபரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. ஜி1 என்பது அதன் பெயர். அடுத்த மாதமே அதில் ஒரு விந்தையான குறை வெளிப்பட்டது. அதன் விசைப்பலகையில் 'ரீபூட்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைத் தட்டி, அடுத்த வரிக்குச் செல்லும் விசையையும் அழுத்தினால், கைப்பேசி உண்மையிலேயே அணைந்து மீண்டும் தொடங்கியது! நண்பருக்கு எழுதிய செய்தி நண்பருக்குப் போனதோடு, திரைக்குப் பின்னால் ரூட் அதிகாரத்துடன் விழித்திருந்த ஒரு நிரலுக்கும் போய்க்கொண்டிருந்தது. அந்த நிரல் ஒவ்வொரு சொல்லையும் கட்டளையாகவே எடுத்துக்கொண்டது.

விரைவிலேயே அந்தக் குறை களையப்பட்டது. ஆனால் அது நமக்கு ஒன்றைக் காட்டுகிறது. வேரிடம் போய்ச் சேரும் கட்டளை யாரிடமிருந்து வந்தது, என்ன நோக்கத்தில் வந்தது என்று இயந்திரம் பார்ப்பதில்லை, செய்து முடித்துவிடுகிறது.

சாக்குகளுக்கு ஒரு கைரேகை

சாவி உங்களிடம் வராமல் தடுப்பது எது? கைப்பேசியின் மின் பொத்தானை அழுத்தியதும், சில்லுக்குள் மாற்ற முடியாதபடி பதிக்கப்பட்ட ஒரு சிறு நிரல் முதலில் எழுகிறது. அது, அடுத்து வரும் தொடக்க நிரல் நிறுவனம் கொடுத்ததுதானா என்று சோதித்த பிறகே அதனிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது. தொடக்க நிரல் லினக்ஸ் கருநிரலைச் சோதிக்கிறது. கருநிரல் மற்ற கோப்புகளைச் சோதிக்கிறது. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் அடுத்த கண்ணியைப் பரிசோதிக்கிறது. 2016-இல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதல் இந்தச் சோதனை கண்டிப்பாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

பல கோடி எழுத்துகள் கொண்ட நிரலில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் கண்டுபிடிப்பது எப்படி? ஒரு சிறு கணக்கின் மூலம் இதைப் புரிந்துகொள்ளலாம். வண்டியில் நான்கு ஏலக்காய்ச் சாக்குகளை ஏற்றுகிறோம். அவற்றின் எடை முறையே 42, 38, 45, 40 கிலோ. மொத்தம் 165 கிலோ. வழியில் யாரோ இரண்டாம் சாக்கையும் மூன்றாம் சாக்கையும் இடம் மாற்றிவிட்டால், மொத்த எடை அதே 165-தான். மாற்றம் தெரியாது.

இப்போது வேறு விதமாகக் கணக்கிடுங்கள். ஒவ்வோர் எடையையும் அதன் வரிசை எண்ணால் பெருக்கிக் கூட்டுங்கள்: 42×1 + 38×2 + 45×3 + 40×4 = 413. இதை 97-ஆல் வகுத்தால் மீதி 25. சாக்குகள் இடம் மாறியபின் இதே கணக்கைச் செய்தால் கூட்டுத்தொகை 406, மீதி 18. இடமாற்றம் வெளிப்பட்டுவிட்டது! இந்த மீதிதான் அந்த வரிசையின் கைரேகை போன்றது.

நம்முடைய கணக்கில் 97 மீதிகளே இருக்க முடியும். ஆகவே ஏமாற்ற நினைப்பவர் சிறிது முயன்றால், அதே மீதி வரும்படி வேறு எடைகளை அமைத்துவிடுவார். கைப்பேசியில் பயன்படும் கைரேகைக் கணக்கோ 256 பிட் நீளமுள்ளது. அதில் சாத்தியமான விடைகளின் எண்ணிக்கை 2-இன் 256-ஆவது அடுக்கு. அதாவது 1-க்குப் பின் 77 சுழிகள் போட்டால் வருவதைவிடச் சற்று அதிகம். அதே விடை வரும்படி வேறு ஒரு நிரலைத் தேடிப் பிடிப்பது நடைமுறையில் ஆகாத செயல்.

கைரேகையையே யாராவது மாற்றி எழுதிவிட்டால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கலாம். அதற்காகவே நிறுவனம் தன்னிடம் மட்டும் உள்ள இரகசியத் திறவெண்ணைக் கொண்டு கைரேகையில் முத்திரை இடுகிறது. கைப்பேசியில் இருப்பது முத்திரையைச் சரிபார்க்கும் திறவெண் மட்டுமே. அதைக் கொண்டு சரிபார்க்கலாம். புதிய முத்திரை இட முடியாது. ரிவெஸ்ட், ஷமீர், ஆடில்மன் என்ற மூவர் 1977-இல் கண்டறிந்த முறை இவ்வகையைச் சேர்ந்தது.

பூட்டைத் திறந்தால் நடப்பது

ரூட் செய்ய விரும்புபவர் முதலில் தொடக்க நிரலின் பூட்டைத் திறக்க வேண்டும். அதாவது, "முத்திரை இல்லாத நிரலையும் ஏற்றுக்கொள்" என்று கைப்பேசிக்குச் சொல்ல வேண்டும். சில நிறுவனங்கள் இதற்கு இடம் கொடுக்கின்றன. சில விண்ணப்பித்துக் காத்திருக்கச் சொல்கின்றன. சில அறவே மறுக்கின்றன. பூட்டு திறந்தபின், தொடக்கக் கோப்பில் ஒரு மாற்றத்தைச் செய்து, வேரின் சாவியைப் பெறுகிறார்கள். தைவானைச் சேர்ந்த ஜான் வூ 2016-இல் வெளியிட்ட மேஜிஸ்க் என்ற கருவி இதற்குப் பெயர் பெற்றது.

பூட்டைத் திறக்கும் கணத்தில், கைப்பேசியில் உள்ள படங்கள், செய்திகள், கோப்புகள் அனைத்தும் அழிந்துவிடும். இது தண்டனை அன்று, பாதுகாப்பு. அப்படி அழியாவிட்டால், ஜீப்பில் தவறவிட்ட உங்கள் கைப்பேசியை எடுத்தவன், பூட்டைத் திறந்து, தன் நிரலை ஏற்றி, உள்ளே இருப்பதைப் படிக்க முயல்வானல்லவா?

மாற்றத்தின் நடுவே மின்சாரம் நின்றாலோ, வேறு மாதிரிக் கைப்பேசிக்கு உரிய கோப்பை ஏற்றினாலோ, கைப்பேசி எழாமலே போய்விடக்கூடும். செங்கல்லாகிவிட்டது என்று இத்துறையினர் இதனை வேடிக்கையாகக் கூறுவர். பல சமயங்களில் அதை மீட்டுவிடலாம். சில சமயங்களில் முடியாது.

மீளும் மாற்றம், மீளா மாற்றம்

பௌதிகத்தில் மீள் மாற்றம், மீளா மாற்றம் என்று இரு வகை படித்திருப்பீர்கள். பனிக்கட்டி உருகி நீராகும். அந்த நீரை மீண்டும் பனிக்கட்டி ஆக்கலாம். எரிந்த தீக்குச்சியை மீண்டும் தீக்குச்சி ஆக்க முடியாது. எந்தச் செயலில் இறங்குமுன்னும், அதன் ஒவ்வொரு படியும் இவற்றில் எந்த வகை என்று கேட்பது நல்ல பழக்கம்.

கைப்பேசிக்குள்ளும் தீக்குச்சி போன்ற ஒன்று உண்டு. சில்லுகளில் மின் உருகிகள் என்னும் மிக மெல்லிய கடத்திகள் அமைந்துள்ளன. வீட்டு உருகிக் கம்பியில் மிகை மின்னோட்டம் பாய்ந்தால் அது வெப்பத்தால் உருகி அறுந்துவிடும். சில்லுக்குள் இருக்கும் சில வகை உருகிகளில் நடப்பது இதைவிட நுட்பமானது. பெரும் மின்னோட்டம் குறுகிய பாதையில் பாயும்போது, எலெக்ட்ரான்களின் தாக்கத்தால் கடத்தியின் அணுக்களே இடம் பெயர்கின்றன. ஆற்று வெள்ளம் கூழாங்கற்களைத் தள்ளிக்கொண்டு போவது போல் என்று கொள்ளலாம். பாதையின் மின்தடை நிரந்தரமாகக் கூடிவிடுகிறது. இந்த முறையைப் பயன்படுத்தும் உருகிகளை ஐ.பி.எம். நிறுவனம் 2004-இல் அறிவித்தது.

2013-க்குப் பின் வந்த பல சாம்சங் கேலக்ஸி கைப்பேசிகளில் இத்தகைய உருகி ஒன்று காவல் இருக்கிறது. முத்திரை இல்லாத நிரல் ஒன்று ஏறியதும் அது எரிந்துவிடும். பிறகு பழைய நிரலையே திரும்ப ஏற்றினாலும் உருகி பழைய நிலைக்கு வராது. இரகசியக் கோப்புகளை வைக்கும் பாதுகாப்புப் பெட்டி போன்ற சில வசதிகள் அந்தக் கைப்பேசியில் மீண்டும் இயங்கா. ஆக, அழிந்த படங்களை முன்கூட்டியே நகல் எடுத்திருந்தால் மீட்கலாம். எரிந்த உருகியை மீட்க முடியாது.

தராசின் இரு தட்டுகள்

முதலில் வரவைப் பார்ப்போம். வேண்டாத செயலிகளை வேரோடு களையலாம். எல்லாவற்றையும் முழுமையாக நகல் எடுக்கலாம். விளம்பரங்களைத் தடுக்கலாம். மின்கலம் எவ்வளவு நிரம்பியதும் மின்னேற்றம் நிற்க வேண்டும் என்று நாமே வகுக்கலாம். எல்லாவற்றிற்கும் மேலாக, ஓர் இயந்திரம் உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று கண்ணால் கண்டு கற்கலாம்.

ஆனால் இவற்றில் பலவற்றிற்கு இன்று வேர் தேவையில்லை. திரையைப் படம் எடுப்பதற்கே ஒரு காலத்தில் பல கைப்பேசிகளை ரூட் செய்ய வேண்டியிருந்தது. 2011-இல் வந்த ஆண்ட்ராய்டு 4 அந்த வசதியைத் தந்தது. முன்பே ஏற்றப்பட்ட செயலிகள் பலவற்றை நீக்க முடியாவிட்டாலும் முடக்கி வைக்கும் வசதியும் அதில்தான் வந்தது. முடக்கப்பட்ட செயலி இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும், ஆனால் ஓடாது. எந்தச் செயலிக்கு எந்த அனுமதி என்று ஒவ்வொன்றாகத் தீர்மானிக்கும் உரிமை 2015-இல் ஆண்ட்ராய்டு 6-உடன் வந்தது. அமைப்புகள் பக்கத்தில் அரை மணி நேரம் செலவிட்டாலே உங்கள் குறைகளில் பாதி தீர்ந்துவிடும்.

இனிச் செலவைப் பார்ப்போம். பணப் பரிமாற்றச் செயலிகள், தாம் ஓடும் கைப்பேசியின் சங்கிலி அறுபடாமல் இருக்கிறதா என்று சோதிக்கின்றன. இந்திய ரிசர்வ் வங்கி 2021 பிப்ரவரியில் வெளியிட்ட மின்னணுப் பணப் பாதுகாப்பு நெறிகள், ரூட் செய்த கைப்பேசியில் செயலி இயங்காதபடி செய்வதைப் பற்றியும் பேசுகின்றன. ரூட் செய்ததை மறைக்கும் உபாயங்களும் உண்டு. அவற்றைக் கண்டுபிடிக்கும் சோதனைகளும் வளர்ந்துகொண்டே வருகின்றன. இன்று ஏமாந்த சோதனை நாளை ஏமாறாது. சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு மளிகைக் கடையில் நிற்கும் நேரத்தில் பணச் செயலி திறக்க மறுத்தால், அந்த இடத்தில் நிற்பது நீங்கள் அல்ல, உங்கள் அம்மா. கைப்பேசி பழுதானால் நிறுவனம் உத்தரவாதப் பழுதுநீக்கத்தை மறுக்கக் கூடும் என்பதையும் இதே தட்டில் வையுங்கள்.

மற்றொரு செலவும் உண்டு. 2011 மார்ச்சில் டிராய்டுடிரீம் என்ற தீய நிரல், ஐம்பதுக்கும் மேற்பட்ட செயலிகளில் ஒளிந்து, கூகுளின் அதிகாரபூர்வமான கடையிலேயே கிடைத்தது. அது உள்ளே நுழைந்ததும் முதலில் செய்தது என்ன? உரிமையாளர் அறியாமல் கைப்பேசியை ரூட் செய்ததுதான்! கைப்பேசி ஆர்வலர்கள் வேரைப் பெறப் பயன்படுத்திய அதே ஓட்டைகளைத் தீயோரும் பயன்படுத்தினர். நாமே ரூட் செய்யும்போது, எந்தச் செயலிக்குச் சாவி கொடுப்பது என்று ஒவ்வொரு முறையும் திரையில் கேட்கும். வீட்டில் நால்வர் பயன்படுத்தும் கைப்பேசியில், அந்தக் கேள்விக்கு அவசரத்தில் 'சரி' என்று தொடப்போவது யார் என்று சொல்ல முடியுமா?

அப்படியானால் கற்க வழி?

வேரைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எந்த இயந்திரத்தின் வேரைத் தொடுவது என்பதே கேள்வி.

தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பட்ட கணினிகளில், விண்டோஸுடன் பாஸ் லினக்ஸ் என்ற இயக்க முறைமையும் இருந்தது. அதை உருவாக்கியது சி-டாக் என்னும் மத்திய அரசு நிறுவனம். அண்ணனோ அக்காளோ வாங்கிய அந்த மடிக்கணினி வீட்டுப் பரணில் கிடந்தால் எடுத்துத் துடையுங்கள். அதில் ஏதேனும் ஒரு லினக்ஸை நிறுவினால், வேரின் சாவி முறைப்படியே உங்கள் கைக்கு வரும். எந்தப் பூட்டையும் உடைக்க வேண்டாம். தவறிப்போய் எல்லாவற்றையும் அழித்துவிட்டாலும், மீண்டும் நிறுவ ஒரு மணி நேரம் போதும்.

பழைய கைப்பேசிக்கும் இதே விதி. நிறுவனம் பாதுகாப்புத் திருத்தங்கள் அனுப்புவதை நிறுத்திய, வங்கிச் செயலியும் குடும்பத்தின் படங்களும் இல்லாத கைப்பேசி ஒன்று வீட்டில் இருந்தால், அதுவே உங்கள் ஆய்வுக்கூடம். அதன் பூட்டைத் திறக்க நிறுவனம் இடம் கொடுத்தால், 2016 இறுதியில் தோன்றிய லீனியேஜ் ஓ.எஸ். போன்ற திறந்த முறைமைகளைச் சில மாதிரிகளில் நிறுவி, அதற்கு இரண்டாவது ஆயுளைக் கொடுக்கலாம். ஒன்றைக் கவனியுங்கள்: பூட்டைத் திறப்பது, வேறு முறைமையை நிறுவுவது, ரூட் செய்வது ஆகிய மூன்றும் தனித்தனிச் செயல்கள். முதல் இரண்டைச் செய்துவிட்டு மூன்றாவதைச் செய்யாமலும் இருக்கலாம்.

கேளாத செயலிகளைத் திணிப்பது பற்றிய உங்கள் கோபம் என்ன ஆனது? அது வீண் போகவில்லை. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஆதரவில் வளர்ந்த நிறுவனம் ஒன்று 2023 ஜனவரியில் அறிமுகப்படுத்திய பார் ஓ.எஸ். என்ற முறைமையின் சிறப்பாகச் சொல்லப்பட்டதே, முன்கூட்டி ஏற்றிய செயலிகள் அதில் இல்லை என்பதுதான். இத்தகைய முறைமைகளை நாளை எழுதப்போகிறவர்கள், இன்று பரண் மேல் கிடக்கும் கணினியைத் துடைத்து எடுப்பவர்களே.

நான்கு கேள்விகள்

முடிவெடுக்குமுன் ஒரு தாளில் இந்த நான்கு கேள்விகளுக்கும் விடை எழுதுங்கள். ஒன்று: எனக்கு வேண்டியது எது? அது வேர் இல்லாமல் கிடைக்குமா? இரண்டு: எந்தப் படி மீளாதது? மூன்று: இது பழுதானால் நாளைக் காலை யாருடைய வேலை நிற்கும்? நான்கு: அவரிடம் கேட்டேனா?

வீட்டில் இருப்பது அந்த ஒரு புதிய கைப்பேசிதான் என்றால், மூன்றாவது கேள்வியிலேயே விடை கிடைத்துவிடும். அதன் வேரை இப்போது தொட வேண்டாம். இரண்டு, மூன்று ஆண்டுகள் உழைத்தபின் அதுவே பழைய கைப்பேசி ஆகும்; அப்போது உங்கள் முறை வரும்.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் வெளியிட்டுள்ள பைபாக்ஸ் என்ற இலவசச் செயலி, கைப்பேசியின் உணர்விகளை வேர் இல்லாமலே பௌதிகக் கருவிகளாக மாற்றித் தருகிறது. உங்கள் கைப்பேசியில் அழுத்த உணர்வி இருந்தால், போடியில் பேருந்து ஏறும்போது காற்றழுத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டை நோக்கி ஏற ஏற, எண் குறைந்துகொண்டே வரும். 1,000 மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 110 ஹெக்டோபாஸ்கல் குறைந்திருக்க வேண்டும். குறைந்ததா என்று பார்த்து, நீங்கள் ஏறிய உயரத்தைக் கணக்கிடுங்கள். பிறகு கைப்பேசியை அப்பாவிடம் கொடுத்துவிடுங்கள். தோட்டத்திலிருந்து அவர் வீட்டுக்குப் பேச வேண்டும்.